நம்ம மாத்திரை நாய்க்கு ஆகாது

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பில் பேசியது. அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



வழக்கமாக இந்த நேரத்தில் நாங்கள் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தவணை என்றுதான் பேசுவோம். இன்றைக்கு ஒரு நாயைப் பற்றிப் பேசப் போகிறோம். "நாய்க்கெல்லாம் ஒரு பேச்சா?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா சிரிக்கிறார். சிரிங்க அக்கா, தப்பில்லை. ஆனால் இது நாயோடு முடிகிற விஷயம் இல்லை. நம் உறுப்பினர் ஒருவருடைய உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதில் எங்கள் தவறும் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினோம்.

நம்ம பக்கத்தில் நாய் என்பது சும்மா வளர்க்கிற பிராணி இல்லை. கோம்பை என்ற நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு நாய் இனம் இருக்கிறது. காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பெயர் போன இனம். இன்றைக்கும் அடிவாரத்தில் ஆட்டுக் கிடை போடுகிறவர்களும், மலைமாடு மேய்க்கிறவர்களும் நாய் இல்லாமல் ராத்திரி கண்ணை மூட மாட்டார்கள். குழுக் கடனில் வாங்கிய ஆட்டுக்குக் காவல் யார்? அந்த நாய்தான். அதற்கு ஒன்று என்றால் நமக்குப் பதறத்தான் செய்யும்.

நடந்ததைச் சொல்கிறோம். அந்தச் சகோதரி இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறார். "பேரைச் சொல்லாம சொல்லுங்க, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்று அவரே அனுமதி கொடுத்தார்.

அவர் உள்கடனில் ஆறு ஆடு வாங்கி, இன்று பதினாலாக ஆக்கி வைத்திருக்கிறார். ஒரு நாள் சாயந்திரம் ஏலத்தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது நாய் புளியமரத்தடியில் படுத்துக் கிடந்தது. இவரைப் பார்த்தும் எழுந்து வரவில்லை. வயிறு எக்கி எக்கி மூச்சு வாங்குகிறது. வாயில் எச்சில் வடிகிறது. உடனே எங்களுக்குப் போன் செய்தார். நாங்கள் அப்போது வேறொரு ஊரில் குழுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். சரியாக எதையும் விசாரிக்காமல், "காய்ச்சலா இருக்கும், காய்ச்சல் மாத்திரையில பாதி கொடுத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டோம். சமூகப்பணி படித்த படிப்பில் நாய் வைத்தியம் கிடையாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதுதான் எங்கள் தவறு.

அவர் பாதி மாத்திரை கொடுத்தார். மூச்சு குறையவில்லை. வீட்டில் மாமியாருக்கு ஆஸ்துமா உண்டு. அவருடைய இழுப்பு மாத்திரை மஞ்சப்பையில் இருந்தது. "மனுசருக்கு இழுப்பு நிக்குதுல்ல, நாய்க்கும் நிக்கும்" என்று ஒரு முழு மாத்திரையை எடுத்து, வாயைப் பிளந்து, தொண்டை வரை விரலை விட்டுத் தள்ளினார். பல் உரசி இரண்டு விரலில் ரத்தம் வந்தது. அதற்கு மேல் கற்பூரவள்ளிச் சாறையும் ஊற்றினார். ராத்திரி நாய்க்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. விடியும் முன் செத்துப்போனது. காலையில் தோட்டத்து ஓரமாகப் புதைத்துவிட்டார்கள். அவர் ஜீப் ஏறி வேலைக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் குழுக் கூட்டத்தில்தான் அவர் விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தோம். விசாரித்ததும் எங்களுக்குப் பகீர் என்றது. கூட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போனோம்.

டாக்டர் வரிசையாகக் கேட்டார். "நாய்க்கு வெறிநோய் ஊசி போட்டிருந்தீங்களா? குரைக்கிற சத்தம் மாறியிருந்துச்சா? கண்மணி சின்னதா சுருங்கியிருந்துச்சா? அன்னைக்குப் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துல மருந்தடிச்சாங்களா?" ஒன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை. கடைசியில் அவர் சொன்னார்: "பூச்சிமருந்தா இருக்கலாம். வெறிநோயா இருக்கலாம். நீங்க கொடுத்த மாத்திரை நிலைமையை மோசமாக்கியிருக்கலாம். புதைச்சு மூணு நாளானதை வச்சு இப்ப எதுன்னு சொல்ல முடியாது. நாயை விடுங்க. இந்தம்மா கையை இன்னைக்கே கவனிக்கணும்."

அங்கிருந்து நேராக அரசு மருத்துவமனை. என்ன செய்தார்கள் என்பதைப் பின்னால் சொல்கிறோம். முதலில், நம்ம மாத்திரை நாய்க்கு ஏன் ஆகாது என்பதைப் பார்ப்போம். அதன் பிறகு டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டு நாங்கள் தெரிந்துகொண்டது இது.

முதல் காரணம் எடைக் கணக்கு. கணக்கு நோட்டு எழுதுகிற நமக்கு இது சுலபமாகப் புரியும். காய்ச்சலுக்கு நாம் போடுகிற பாராசிட்டமால் 650 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஆள் போட்டால் கிலோவுக்கு சுமார் 11 மில்லிகிராம் வருகிறது. அதே மாத்திரையை 6 கிலோ குட்டிநாய்க்குக் கொடுத்தால் கிலோவுக்கு 108 மில்லிகிராம். பத்து மடங்கு. ஒரு ஆள் ஒரே வாயில் பத்து மாத்திரை விழுங்குவது மாதிரி.

இரண்டாவது, உடம்பே வேற. "அப்ப எடைக்குத் தக்கபடி உடைச்சுக் கொடுத்தா சரியாப் போச்சா?" என்று கேட்பீர்கள். அதுவும் சரியில்லை. ஒரு மருந்தை உடைத்து வெளியேற்றுகிற வேலையை ஈரல் செய்கிறது. மனித ஈரல் ஒரு விதம், நாய் ஈரல் ஒரு விதம், பூனை ஈரல் இன்னொரு விதம். பூனைக்குப் பாராசிட்டமாலை உடைக்கிற சக்தி மிகக் குறைவு. பாதி மாத்திரையே ஒரு பூனையைக் கொன்றுவிடும். பால் குடிக்கிற பூனைக்குச் சளி என்று யாரும் இதைக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாராசிட்டமால் அளவு மீறினால் நாயின் ஈரல் கெடும். ரத்தமும் கெடும். ரத்தத்தின் வேலை மூச்சுக்காற்றை உடம்பு முழுக்கச் சுமந்து போவது. கெட்ட ரத்தம் அதைச் சுமக்காது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும். ஏற்கெனவே மூச்சுக்குத் திணறுகிற நாய்க்கு இதைக் கொடுத்தால் இன்னும் திணறும். நாங்கள் போனில் சொன்ன யோசனையின் ஆபத்து இதுதான்.

வீட்டு மஞ்சப்பையில் இருக்கிற மற்ற மருந்துகளும் அப்படித்தான். உடம்பு வலிக்குப் போடுகிற டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் இரண்டும் நாயின் குடலில் புண் உண்டாக்கி ரத்த வாந்தி எடுக்க வைக்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கும். இழுப்புக்குக் கொடுக்கிற சால்பூட்டமால், தியோபிலின் போன்றவை அளவு கூடினால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், வாந்தி வரும், உடம்பு நடுங்கும். சளி மாத்திரை என்று கடையில் வாங்குவதில் பல நேரம் இரண்டு மூன்று மருந்து சேர்ந்திருக்கும். காய்ச்சல் மருந்தும் அதற்குள்ளேயே இருக்கும். சர்க்கரை சேர்க்காத சில இருமல் டானிக்குகளில் இனிப்புக்காக சைலிட்டால் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். நமக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கு ரத்தத்தில் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும்.

"கால்நடை டாக்டரே மனுச மருந்தை எழுதித் தர்றாரே?" என்று ஒருவர் கேட்டார். உண்மைதான். சில சமயம் எழுதுவார். ஆனால் நோய் எது என்று பார்த்து, எடை போட்டு, எத்தனை வேளை என்று கணக்குப் போட்டு எழுதுவார். அதைப் பார்த்து நாம் அடுத்த நாய்க்குக் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். மூச்சு வாங்குவது ஒரு நோய் இல்லை. பல நோய்களுக்கு அது அடையாளம். கதவைத் தட்டுகிறது யார் என்று பார்க்காமல் சத்தத்தை மட்டும் நிறுத்த முடியுமா? நாய்க்கு மூச்சுத் திணறுவதற்கு நம்ம பக்கத்தில் என்னென்ன காரணம் இருக்கலாம் என்று பாருங்கள்.

வெயில் காலத்தில் கட்டிப் போட்ட நாய்க்கு நிழலும் தண்ணீரும் இல்லாவிட்டால் உடம்பு சூடேறி மூச்சு வாங்கும். உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் குறைந்து, ஈறு வெளுத்து, மூச்சு வாங்கும். வயதான நாய்க்கு நெஞ்சு பலவீனமானால் ராத்திரியில் இருமும், இரைக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கலாம். நல்ல பாம்போ கட்டுவிரியனோ கடித்திருந்தால் கால் துவண்டு, மூச்சு அடங்கிக்கொண்டே போகும்.

நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் தனியாகச் சொல்ல வேண்டியது பூச்சிமருந்து. கம்பம், கூடலூர், சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்கிறோம். மலையில் ஏலத்துக்கும் அடிக்கிறோம். மருந்து கலக்கிய வாளியை, டப்பாவைக் கழுவாமல் போட்டால் நாய் நக்கும். மருந்து தேங்கிய தண்ணீரைக் குடிக்கும். அப்போது எச்சில் வடியும், கண்ணில் தண்ணீர் ஊற்றும், கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கும், கழியும், உடம்பு துடிக்கும், மூச்சு திணறும். பல பூச்சிமருந்துகளுக்கு டாக்டரிடம் மாற்று ஊசி உண்டு. நேரத்துக்குக் கொண்டுபோனால் பிழைக்க வழி இருக்கிறது. நாம் வீட்டில் மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த நேரம்தான் போகும்.

கடைசியாக வெறிநோய். வெறிநாய் என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் என்று நினைக்கிறோம். எல்லா நாயும் அப்படி இருக்காது. சில நாய் சுருண்டு படுத்துவிடும். தொண்டையும் தாடையும் செயலிழந்து வாய் தொங்கும். முழுங்க முடியாமல் எச்சில் வடியும். குரல் மாறும். பார்க்கிறவர்களுக்குத் தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டது மாதிரியே தெரியும். எலும்பை எடுக்கலாம் என்றோ, மாத்திரையைத் தள்ளலாம் என்றோ வாயில் கையை விட்டால், அந்த எச்சில் நம் விரலில் உள்ள கீறல் வழியே உள்ளே போகும். ஏலக்காய் பறிக்கிற, களை எடுக்கிற நம் கையில் கீறல் இல்லாத நாள் உண்டா?

வெறிநோய் மனிதருக்கு வந்து அறிகுறி காட்ட ஆரம்பித்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஊசி போட்டால் முழுசாகத் தடுக்கலாம். கடியோ, பல் கீறலோ, புண்ணில் எச்சிலோ பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அப்பக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். தடுப்பூசி அங்கே இலவசம். முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று போடுவார்கள். ரத்தம் வந்த காயமாக இருந்தால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள். ஒரு ஊசியோடு நிறுத்திவிடக் கூடாது.

நம் சகோதரிக்கு இதெல்லாம் செய்தார்கள். தாமதமாகப் போனாலும் போட வேண்டியதைப் போட்டார்கள். ஆனால் இரண்டாவது ஊசி நாளில் அவர் தயங்கினார். "மலைக்குப் போகலைன்னா ஒரு நாள் கூலி போச்சு. விரல் ஆறிருச்சுல்ல" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கூலி போனால் அடுப்பு எரிவது எப்படி? அன்று ராத்திரியே குழு கூடியது. ஊசி நாளில் அவருக்குப் போகிற கூலியைக் குழுப் பொது நிதியிலிருந்து கொடுப்பது, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு உறுப்பினர் துணைக்குப் போவது என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நாலாவது ஊசியும் போன வாரம் முடிந்தது. சேமிப்புக்காக ஆரம்பித்த குழு ஒரு உயிருக்குக் காவல் நின்றது. தவணை ஒழுங்காகக் கட்டியதற்குக் கை தட்டுகிறோமே, அதைவிடப் பெரிய கைதட்டு இந்தக் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். (கைதட்டல்)

மனித மருந்தை மிருகத்துக்குக் கொடுப்பதால் வருகிற கேடு ஒரு வீட்டோடு நிற்காது. இதற்கு நாடே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. முன்பு மாடு செத்தால் வானத்தில் பாறு கழுகுகள் வட்டமிடும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். 1990களில் இந்தியா முழுக்க அந்தக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சில இனங்களில் நூற்றுக்கு 95க்கும் மேல் அழிந்தன. காரணம் என்னவென்று 2004ல் கண்டுபிடித்தார்கள். நாம் மூட்டுவலிக்குப் போடுகிற அதே டைக்ளோபினாக். மாட்டுக்கு வலி என்று அதைப் போட்டார்கள். அந்த மாடு செத்து, அதன் கறியைத் தின்ற கழுகுகளுக்குச் சிறுநீரகம் கெட்டது.

2006ல் மாட்டுக்கான டைக்ளோபினாக்கை அரசு தடை செய்தது. ஆனாலும் மனிதருக்கான பெரிய ஊசி மருந்துப் புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது நிற்கவில்லை. அதனால் 2015ல் மனிதருக்கான புட்டியையே ஒருவருக்கு ஒரு தடவைக்கு ஆகிற 3 மில்லியாகக் குறைத்தார்கள். 2023ல் கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் என்ற இன்னும் இரண்டு மருந்துகளையும் கால்நடைக்குத் தடை செய்தார்கள். இன்று நம் மாநிலத்தில் நீலகிரி, சத்தியமங்கலம் காட்டுப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கிற பாறு கழுகுகளைக் காப்பாற்றப் பாடுபடுகிறார்கள். செத்த மாட்டைத் தின்னக் கழுகு இல்லாமல் போனதால் தெருநாய்களுக்குத் தீனி கூடியது. நாய் கூடினால் கடியும் கூடும். ஒரு ஊசி எங்கே ஆரம்பித்து எங்கே போய் நிற்கிறது பாருங்கள். ஆகவே ஆடு மாட்டுக்கும் டாக்டர் சொல்லாத வலி ஊசி வேண்டாம்.

சரி, நாய்க்கு மூச்சு வாங்கினால் என்னதான் செய்வது? இதை வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

1. நிழலில், காற்றோட்டமான இடத்தில் விடுங்கள். கழுத்துக் கயிறு இறுக்கமாக இருந்தால், நாய் சீறாமல் இருந்தால் மட்டும், தளர்த்துங்கள். வாயைக் கட்டாதீர்கள். கூட்டம் கூடாதீர்கள்.

2. வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மோர், எண்ணெய், உப்புத் தண்ணீர், கஷாயம் எதுவும் வேண்டாம். திணறுகிற நாய்க்கு ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும். தண்ணீரைப் பக்கத்தில் வையுங்கள், தானாகக் குடித்தால் குடிக்கட்டும்.

3. வாயில் கையை விடாதீர்கள். எச்சில் வடிகிற, குரல் மாறிய, ஊசி போடாத நாயைத் தொடவே வேண்டாம். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

4. தூரத்திலிருந்து பாருங்கள். தூங்கும்போது நிமிடத்துக்கு 30 மூச்சுக்கு மேல் விட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஈறு வெளுத்தோ நீலமாகவோ இருந்தால், நிற்க முடியாமல் விழுந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

5. அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். அல்லது 1962 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வண்டி வர முடியாவிட்டால் எங்கே கொண்டுபோவது என்றாவது கேளுங்கள்.

6. பூச்சிமருந்து என்று சந்தேகம் இருந்தால் அந்த டப்பாவையோ லேபிளையோ கையோடு எடுத்துப் போங்கள். தெரியாமல் ஏதாவது மாத்திரை கொடுத்திருந்தால் அட்டையை எடுத்துப் போங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள்.

இன்றைய கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறோம். ஒன்று, ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பினர் வீட்டு நாய்களின் பட்டியல் எடுத்து, வருடம் ஒரு தடவை வெறிநோய்த் தடுப்பூசி போட்டதா என்று நோட்டில் எழுத வேண்டும். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி. முகாம் எப்போது என்று மருந்தகத்தில் கேட்டு ஊக்குநர் குழுவுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு, மருந்தடித்த டப்பாவையும் வாளியையும் நாய், கோழி, பிள்ளைகள் எட்டுகிற இடத்தில் போடுவதில்லை. மூன்று, நாய்க்கடி ஊசிக்குப் போகிற உறுப்பினருக்கு நாலு ஊசியும் முடிகிற வரை குழு துணை நிற்க வேண்டும்.

நாலாவது ஒன்று எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட தீர்மானம். இனி யார் போன் செய்து வைத்தியம் கேட்டாலும், "எங்களுக்குத் தெரியாது, டாக்டரைக் கேட்போம், நாங்களும் கூட வர்றோம்" என்றுதான் சொல்வோம். படித்தவர்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். அந்த நம்பிக்கையை வைத்து நாங்கள் குருட்டு வைத்தியம் சொல்லக் கூடாது.

அந்தச் சகோதரி வீட்டில் இப்போது புதுசாக ஒரு குட்டி வந்திருக்கிறது. கூட்டத்துக்கு வரும் முன் கேட்டோம். "ஊசிக்கு நாள் குறிச்சு காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன்" என்றார். உங்கள் வீட்டுக் காலண்டரிலும் அந்த வட்டத்தைப் போடுங்கள்.